கட்டைவிரல் இல்லாத குரேஸா

அன்பு மகளுக்கு,

எத்தியோப்பியாவின் ஹவாசா ஏரிக்கரை மரங்களில் கறுப்பு வெள்ளையாக, வெள்ளைக் குஞ்சம் வைத்த வாலோடு ஒரு குரங்கைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். அது குரேஸா. எத்தியோப்பியர்கள் அம்ஹாரிக்கில் சொல்லும் பெயரே அதுதான். ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் எடுவார்ட் ரூப்பெல் 1835இல் அதை அப்படியே 'கொலோபஸ் குரேஸா' என்று அறிவியல் பெயரில் சேர்த்தார். முன்னால் வரும் 'கொலோபஸ்' 1811இல் ஜெர்மன் விலங்கியலாளர் இல்லிகர் வைத்தது. கிரேக்கத்தில் 'கொலொபோஸ்' என்றால் வெட்டிக் குறைக்கப்பட்டது, ஊனமானது. கையில் கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் சின்னப் புடைப்பு மட்டும் இருப்பதால் வந்த பெயர். அந்தக் கையை ஊனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு விரலும் சேர்ந்து கொக்கியாக வளைந்து கிளையில் மாட்டுவதை பைனாகுலரில் பார், உனக்கே தெரியும். இலைக்கொத்தையும் அப்படியேதான் வாய்க்கு இழுக்கும். நம் வால்பாறைக் கருமந்தியும் இதே உட்குடும்பம். அதற்குக் கட்டைவிரல் உண்டு, ஆனால் குட்டை.

விடியுமுன் எழுந்துவிடு. ஆண் குரங்கு தொண்டையிலிருந்து உருட்டி உருட்டிக் கத்தும், பக்கத்துக் கூட்டம் பதில் கொடுக்கும். சத்தம் வந்த திசையில் உச்சிக் கிளைகளைத் தேடு. தோளிலிருந்து விலா வழியாக இடுப்புவரை தொங்கும் நீண்ட வெள்ளை முடிதான் அடையாளம். அந்த முடிக்காகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய உடைகளுக்காக இவற்றைக் கொன்று குவித்தார்கள். கருமந்தியை லேகியத்துக்காக நாம் கொன்றதை நினைத்தால் அவர்களை மட்டும் ஏச முடியவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேள். வாழைப்பழமோ ரொட்டியோ கொடுக்காதே, உடன் வருபவர்களையும் கொடுக்க விடாதே. அதன் வயிறு பல அறையாகப் பிரிந்தது. முன் அறையில் நுண்ணுயிரிகள் இலையை மெல்ல நொதிக்க வைக்கும். அதனால்தான் பகலில் பாதிக்கும் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், சோம்பல் இல்லை. பழுத்த பழத்தின் சர்க்கரை உள்ளே போனால் நொதிப்பு வேகமாகி அமிலம் ஏறும், வயிறு உப்பும், நுண்ணுயிரிகள் சாகும். அதே கரையில் கையிலிருந்து பிடுங்கித் தின்னும் சாம்பல் நிற வெர்வெட் குரங்கின் வயிறு வேறு. அது தாங்குகிறதே என்று இதற்கும் நீட்டிவிடுகிறார்கள்.

தாய் மடியில் முழு வெள்ளையாக, இளஞ்சிவப்பு முகத்தோடு குட்டி இருந்தால் தேதியைக் குறித்துவை. மூன்று நான்கு மாதத்தில் கறுப்பு ஏறிவிடும். எந்த இடத்தில் முதலில் கறுக்கிறது என்று பார்த்து எழுது.

அப்பா