மேடம் ஸ்டைல்ஸ்-ஆலனுக்கு: மெய்யெழுத்துகள் குறித்து

மதிப்பிற்குரிய லிலியன் ஸ்டைல்ஸ்-ஆலன் அம்மா,

நீங்கள் 1982இல் மறைந்தீர்கள். உங்களிடம் பாட்டுப் பயின்ற நடிகையும் பாடகியுமான ஜூலி ஆண்ட்ரூஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் அந்த நாலு ஸ்தாயிக் குரலைத் தாண்டி வரவில்லை. நீங்கள் நடத்திய பாடத்தை யாரும் பேசக் காணோம்.

குரல் பிறவியில் வந்ததுதான். தொண்டையைப் பரிசோதித்த மருத்துவர், சிறுமியின் குரல்வளை ஏறக்குறைய வளர்ந்தவர்களுடையதைப் போலிருப்பதாகச் சொன்னார். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. எட்டுகிற சுரம் என்பதற்காக அழுத்திப் பாடவைத்தால் தாடை இறுகும், கழுத்து விறைக்கும், சில மாதத்தில் நடு ஸ்தாயியே கரகரக்கும். வால்டன்-ஆன்-தேம்ஸிலிருந்து லீட்ஸுக்கு ரயிலேறி வந்த பிள்ளையிடம் நீங்கள் வற்புறுத்தியது உச்சரிப்பை.

1947 அக்டோபர் 22, லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கு, ‘ஸ்டார்லைட் ரூஃப்’ மேடை நிகழ்ச்சி. ஜூலிக்கு 12 வயது முடிந்து மூன்றே வாரம். சின்னப் பெண் இந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தமாட்டாள் என்று அதற்கு முந்தின நாள் நீக்கப் பார்த்தார்கள். பேசிச் சரிக்கட்டி, எளிய பாட்டை எடுத்துவிட்டு ‘மின்யோன்’ ஓபராவின் டைட்டானியா பாடலை வைத்தார்கள். முழுக்கப் பிருகா, உச்சியில், மேல் ஸி என்ற சுரத்துக்கும் மேலே இருக்கும் எஃப் சுரம்.

அந்த எஃப் சுமார் 1,397 ஹெர்ட்ஸ். ‘ஈ’, ‘ஊ’ இரண்டையும் அடையாளம் காட்டும் முதல் ஒத்ததிர்வு (வாய், தொண்டைக் குழி தானாக அதிரும் அளவு) 300–400 ஹெர்ட்ஸிலேயே இருக்கிறது. ‘ஆ’வுக்குக்கூட ஆயிரத்தை ஒட்டித்தான். சுரம் அதைத் தாண்டியதும் எந்த உயிரெழுத்தும் ‘ஆ’ மாதிரியே கேட்கும். வாயைத் திறக்காமல் ‘ஈ’யைக் காப்பாற்றப் பார்க்கும் பிள்ளைக்குத் தொண்டைதான் நெரியும். தாடையைத் தளர்த்தி இறக்க வேண்டும். மெய்யைத் தாளத்துக்கு ஒரு நூல் முன்னே சுருக்கமாக உச்சரித்து, உயிரைத் தாளத்தில் விழவைக்க வேண்டும். அந்த உயரத்தில் சொல்லைக் காப்பது மெய்தான். (எங்கள் மொழியில் கான்சொனன்டுக்குப் பெயரே ‘மெய்’, அதாவது உடம்பு.)

பிறகு வரிசையாக வாய்ப்புகள். 1948 நவம்பர் 1, லண்டன் பல்லேடியம் அரங்கில் அரச குடும்பத்தார் முன்; தனியாகப் பாடியவர்களில் அதுவரை அவர்தான் இளையவர். பேன்டோமைம் எனும் கிறிஸ்துமஸ் கால மேடை நாடகங்கள், 1950 முதல் பிபிசி வானொலி. 19 வயது நிறைவதற்கு முந்தின நாள், 1954 செப்டம்பர் 30, நியூயார்க்கின் பிராட்வேயில் ‘தி பாய் ஃபிரெண்ட்’ இசை நாடகம்.

உங்களுக்கு அவரிடம் மொஸார்ட்டையும் ரோஸினியையும் கேட்க ஆசை. அவருக்கோ அதில் நம்பிக்கை வரவில்லை. அவர் கணித்தது சரி என்றே படுகிறது: மெலிந்த, தெளிந்த குரல் அது. ஓபரா அரங்கில் பெரிய ஆர்கெஸ்ட்ராவை மீறிக் கேட்க வேறு கனம் வேண்டும்.

1956 மார்ச்சில் ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகம். பூ விற்கும் பெண் உச்சரிப்புப் பழகும் கதை! ஒத்திகையில் அவர் திணறவே செய்தார். இயக்குநர் மோஸ் ஹார்ட் மற்றவர்களை அனுப்பிவிட்டு, இரண்டு நாள் அவரைத் தனியே வைத்து வசனம் வசனமாகத் திருத்தினார். திருத்தியது நடிப்பை, அம்மா. பாட்டை அல்ல.

வணக்கத்துடன்,
ஒரு ரசிகர்