ஃபிரட்டர்னிட்டி கிளை: வியாழன் கூட்டம்

தம்பிகளா, டெல்டா எப்சிலான் சை என்ற ஃபிரட்டர்னிட்டியின் (ஆண் மாணவர் சங்கம்) கிளையை நம் பல்கலைக்கழகத்திலும் தொடங்கலாமா என்று வியாழன் இரவு 7 மணிக்கு நூலகத்தில் பேசுகிறோம். 1998-இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த தெற்காசிய அமைப்பு இது. எடுத்த எடுப்பில் சாப்டர் (முழு அங்கீகாரம் பெற்ற கிளை) ஆகிவிட முடியாது. முதலில் காலனி (தற்காலிகக் கிளை), அமைப்பின் தலைமை ஒப்புக்கொண்டால்தான் சாப்டர். பல்கலைக்கழக அனுமதி தனி.

சந்தா உண்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள். ராகிங் அறவே கிடையாது. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த சட்டப்படி, அப்படி மாட்டும் அமைப்பின் பெயரைக் கல்லூரியே வெளியிட வேண்டும்.

போன தடவை 11 பேர் வருவதாகக் கட்டைவிரல் எமோஜி போட்டீர்கள், வந்தது 4 பேர். பீட்ஸாவை மூன்று நாள் நான்தான் தின்றேன். வருகிறவர்கள் மட்டும் பெயர் போடுங்கள். அப்புறம், மதிப்பெண் பட்டியலும் கொண்டு வாருங்கள், ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) பார்ப்பார்கள்.