மாதத்தில் எத்தனை நாள் குளிசை போடுகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் 19 வருடமாக வேலை செய்கிறேன். காலையில் கடை திறந்ததும் ஒரு தாய் வருவார். தோளில் பிள்ளையின் புத்தகப் பை, கையில் பிள்ளை. "தங்கச்சி, பனடோல் ரெண்டு." பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் அதற்குத் தண்ணீர் போதாமல் போய்விடுமோ என்று ஒரே மிடறில் இரண்டையும் விழுங்குவார். போன கிழமை மட்டும் நான்கு நாள் வந்தார்.

ஆண்கள் வேறு மாதிரி. நாலைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, முதுகைப் பிடித்தபடி வந்து "நல்ல பவரானதாத் தாங்க" என்பார்கள். டைக்ளோபெனாக் என்ற நோவு மருந்துக்கு டொக்டரின் துண்டு வேண்டும் என்றால் கோபம் வரும். வெறும் வயிற்றில் அதைப் போட்டுப் போட்டு வயிற்றில் புண்ணோடு வந்தவர்களும் உண்டு.

பல நாடுகளில் எடுத்த கணக்குகளிலும் நோவு மருந்து அதிகம் பாவிப்பவர்கள் பெண்கள்தான். இதை வைத்து "பொம்பிளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று எங்கள் கடை வாசலில் நின்றே பேசுகிறார்கள். கேட்க மனம் கொதிக்கிறது. ஒற்றைத் தலையிடி ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு வருகிறது. மாதவிடாய் நோவு தனி. பிள்ளை பெறும் வயதில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. கருப்பைக்குள் இருப்பது போன்ற சதை வெளியே வளர்கிற வருத்தம் அது. என் தங்கைக்கு இருந்ததும் அதுதான். "கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்று ஒரு டொக்டர் சொல்லி அனுப்ப, ஆறு வருடம் மெபனமிக் அசிட் என்ற நோவுக் குளிசையிலேயே ஓடியது. ஸ்கேனில் சூலகத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் அவள் சொன்னதை வீட்டிலேயே நம்பினார்கள். நானும் அப்போதுதான் நம்பினேன்.

சரி, பனடோல்தானே என்று நினைக்க வேண்டாம். பெரியவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுத்தான் எல்லை. அதற்கு மேல் போனால் ஈரலுக்கு ஆபத்து. பனடோலில் இருக்கும் மருந்து பரசிட்டமோல். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் அதே பரசிட்டமோல் இருப்பதால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. தலையிடிக்கென்று மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பரசிட்டமோல் போட்டு, அது மூன்று மாதத்தையும் தாண்டினால், அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரலாம். இதைச் சொன்னபோது ஒரு அக்கா கையிலிருந்த குளிசைக் கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

குளிசை போட்ட நாளில் வீட்டுக் கலண்டரில் ஒரு புள்ளடி போடுங்கள். டொக்டரிடம் போகும்போது அந்தக் கலண்டரையே கழற்றிக்கொண்டு போங்கள். வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: எங்கே நோகிறது என்று கேட்கும்போது, மாதத்தில் எத்தனை நாள் குளிசை போடுகிறீர்கள் என்றும் கேளுங்கள். கடையில் எங்களால் அதைக் கேட்க முடிவதில்லை. பின்னால் வரிசை நிற்கும், பக்கத்தில் ஆண்கள் நிற்பார்கள், அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

இப்படிக்கு,
பாமசி ஊழியர் ஒருவர்,
கொழும்பு 13