உரோமையில் படிக்கும் குருவுக்கு ஓய்வு நேரத்தை விட்டுவைப்போம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்படிப்புக்காக உரோமைக்கு அனுப்பப்படும் அருட்பணியாளர்களுக்குக் காலையில் இரண்டு வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஓய்வு என்ற எண்ணம் நம் பங்கு ஆலயங்களில் பரவலாக இருக்கிறது. அதனால்தான் அங்கே போகும் திருப்பயணிகளும் உறவினர்களும் அவர்களை விமான நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள். மூன்று நாள் கூடவே இருந்து ஊரைச் சுற்றிக் காட்டவும் கேட்கிறார்கள். இதனால் கெடுவது அவர்களுடைய படிப்பு.

முதல் சுமை மொழி. கிரகோரியன், உர்பானியானா போன்ற பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடங்கள் இத்தாலிய மொழியில்தான் நடக்கும். அக்டோபரில் வகுப்பு தொடங்கும். செப்டம்பரில் போய் இறங்குபவர் முதல் பருவம் முழுக்கப் பாதி புரிந்தும் புரியாமலும் உட்கார்ந்திருப்பார். ஜூன் மாதமே அனுப்பி, இத்தாலியின் பெருஜா நகரில் உள்ளதுபோல வெளிநாட்டவருக்கான மொழிப் பள்ளியில் சேர்த்தால் இந்தத் தவிப்பு பெருமளவு குறையும். மறைமாவட்டங்கள் விசா வேலையை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது வாய்மொழித் தேர்வு. ஒரு பருவப் பாடத்தைப் பேராசிரியருக்கு எதிரே அமர்ந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். மூன்று மணி நேரம் எழுதிப் பழகிய நம்மவர்கள், பாடம் நன்றாகத் தெரிந்தும், சுருக்கிச் சொல்லிப் பழகாததால் தடுமாறுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் உடன் படிப்பவர் ஒருவரிடம் தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான் வழி. சனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையும் ஜூனிலும் தேர்வுக் காலம். அந்த நாட்களில் விருந்தினராகப் போய் நிற்காதீர்கள்.

திருப்பலி, குருக்கள் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலைச் செபம், காலை வகுப்புகள், பிற்பகலில் நூலகம் என்று வார நாட்கள் நிரம்பிவிடும். பேருந்து வேலைநிறுத்தம் என்றால் காலை 8.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும்தான் வண்டிக்கு உத்தரவாதம். வகுப்புக்குப் போக விடியலிலேயே கிளம்ப வேண்டும். சனி மாலையும் ஞாயிறும் பலர் பங்குகளில் திருப்பலிக்கு உதவப் போகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம், ஆனால் அன்று போக இவர்களுக்கு நேரம் கிடைப்பது அரிது. கோடையில் இத்தாலி, ஜெர்மனி பங்குகளில் விடுமுறையில் செல்லும் குருக்களுக்குப் பதிலாகப் பணியாற்றுகிறார்கள். ஒரு மாதம் அப்படிப் போவது நல்லது. மொழி வளரும், செலவுக்கும் உதவும். கோடை முழுவதும் அதிலேயே கழிந்தால் ஆய்வேடு நகராது. குருக்களுக்கு ஆண்டுதோறும் போதிய விடுமுறை உண்டு என்று திருச்சபைச் சட்டம் 283 சொல்கிறது. படிக்கும் குருவுக்கும் அது பொருந்தும்.

கிடைக்கும் ஓய்வை நன்றாகச் செலவிட அங்கே வழி உண்டு. நம்மவர்களுக்கு மிகவும் பிடித்தது கிரிக்கெட். 2013-இல் தொடங்கிய வத்திக்கானின் புனித பேதுரு கிரிக்கெட் அணியில் இந்திய, இலங்கைக் குருக்களும் குருமாணவர்களும் ஆடியிருக்கிறார்கள். 2014-இல் அந்த அணி இங்கிலாந்து சென்று ஆங்கிலிக்கத் திருச்சபை அணியோடு கேன்டர்பரியில் மோதியது. கால்பந்து விரும்புவோருக்கு, உரோமையில் உள்ள குருக்களும் குருமாணவர்களும் மோதும், 2007-இல் தொடங்கிய கிளெரிக்குஸ் கோப்பை. அதில் நீல அட்டை காட்டினால் ஐந்து நிமிடம் வெளியே நிற்க வேண்டும். நடக்கப் பிடித்தவர்களுக்குப் புனித பிலிப்பு நேரி வழக்கப்படுத்திய ஏழு ஆலயத் திருநடை இருக்கிறது: சுமார் 20 கிலோமீட்டர், ஒரு முழு நாள். வெயில் ஏறும் முன் கிளம்ப வேண்டும்; மதியம் சில ஆலயங்கள் மூடிவிடும் என்பதால் நேரம் பார்த்துத் திட்டமிட வேண்டும்.

சமையலும் பெரிய ஆறுதல். ரிசொத்தோ என்ற இத்தாலியச் சோற்று உணவுக்கான ஆர்போரியோ அரிசி மாவுச்சத்தை விட்டுக் குழைந்துவிடும், சோற்றுக்கு ஆகாது. கடைகளில் கிடைக்கும் புழுங்கல் வகை அரிசி ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும். புளி, மிளகாய், மசாலா எல்லாம் உரோமையின் எஸ்குயிலினோ சந்தையில் கிடைக்கும். ஊரிலிருந்து போகிறவர்கள் கொஞ்சம் ரசப்பொடி கொண்டு போனால் மகிழ்வார்கள்.

குடும்பத்தாருக்கு ஒன்று. உரோமை நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கியது. குளிர்காலத்தில் இங்கே காலை 6 மணிக்கு அழைத்தால் அங்கே இரவு ஒன்றரை. மாலை 6.30-க்கு மேல் அழைத்தால் அவர் மதிய உணவை முடித்திருப்பார்.

திருப்பயணிகளுக்கும் ஒன்று. புதன்கிழமைத் திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்கு அனுமதிச் சீட்டு முற்றிலும் இலவசம். சீட்டு வழங்கும் வத்திக்கானின் பாப்பிறை இல்ல அலுவலகத்துக்கு முன்கூட்டியே நீங்களே எழுதிக் கேட்கலாம். முந்தைய நாள் பிற்பகலில் புனித பேதுரு சதுக்கத்தில் உள்ள வெண்கலக் கதவருகே வாங்கிக்கொள்ளலாம். புதன் காலை வகுப்பை விட்டுவிட்டு உங்களுக்காக ஒருவர் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை