சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வார்த்தை வரவில்லை. "ஒரு வருஷம்தானேம்மா. மனநல வார்டு அனுபவம் இருந்தால் அசிஸ்டன்ட் சைக்காலஜிஸ்ட் வேலைக்கு அப்ளிகேஷன் போடலாம். அதுவரைக்கும் சும்மா பேஷண்ட்டோடு உட்கார்ந்திருக்கிற வேலை" என்றாய். சைக்காலஜி படித்த பிள்ளைகள் பலர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள், அதில் தப்பில்லை. அந்த 'சும்மா'தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதே மாதிரி வார்டில் ஹெல்த்கேர் அசிஸ்டன்டாக, நர்ஸுக்கு உதவியாளாக, 18 வருடம் நான் சம்பளம் வாங்கியது அந்தச் சும்மாவுக்குத்தான்.

திங்கட்கிழமை நீ வேலைக்குச் சேர்ந்ததும் உன் கையில் சாவி, அலாரம், அப்புறம் ஆப்ஸ் தாள், அதாவது பேஷண்ட்டுகளைப் போய்ப் பார்த்ததைக் குறிக்கிற தாள், தருவார்கள். இப்போது சில இடங்களில் டேப்லெட். ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கட்டங்கள் இருக்கும். சிலரை மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், சிலரை 15 நிமிடத்துக்கு ஒரு முறை. சிலரைக் கண்ணை எடுக்காமல், இன்னும் சிலரைக் கை எட்டும் தூரத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். 15 நிமிடம் என்றால் 10.00, 10.15, 10.30 என்று மணியடித்த மாதிரிப் போகாதே. முன்னே பின்னே மாற்றிப் போ. உயிரை விட நினைப்பவருக்கு நம் நேரம் மனப்பாடம் ஆகிவிடக் கூடாது. இரவில் 'தூங்குகிறார்' என்று எழுதுவதற்கு முன்னால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார். டார்ச்சை முகத்தில் அடிக்காதே, பக்கத்துச் சுவரில் அடி. அந்த வெளிச்சம் போதும்.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், ஒரு இரவு. இரண்டு பேர் வரவில்லை, தேவைப்படும்போது கூப்பிடுகிற பேங்க் ஷிஃப்ட்டுக்கும் ஆள் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் அலாரம் அடிக்க எல்லோரும் அங்கே ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள் காலி. இரண்டிலும் 'கட்டிலில், தூங்குகிறார், மூச்சு சீராக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் அந்த அறைக்குப் போனேன். அந்தப் பெண் தூங்கவில்லை. இருட்டில், தரையில், கட்டிலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு தடவை நீங்க வரல. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நானே போய் நர்ஸிடம் சொன்னேன். பொய்யாக எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு நடந்ததை எழுதினோம், சம்பவ அறிக்கை போட்டோம், பிறகு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதெல்லாம் போகட்டும். நாம் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உள்ளே ஒருத்தி அந்தக் காலடிச் சத்தத்தைக் கொண்டு ராத்திரியைக் கடக்கிறாள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே, கண்ணா. கட்டம் காலியாக இருந்தால் இருக்கட்டும், ஏன் காலி என்று எழுதி உடனே நர்ஸிடம் சொல்.

சரி, உட்கார்ந்திருக்கிற வேலைக்கு வருகிறேன். ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும். ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். யாரோடும் பேசமாட்டான். அவனோடு ஒன்-டு-ஒன் என்று, அவன் ஒருவனை மட்டும் கூடவே இருந்து கவனிக்க, என்னைப் போட்டார்கள். முதல் நாள் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அது என் பதற்றம், அவனுக்காகப் பேசிய பேச்சே இல்லை. இரண்டாம் நாள் வாயை மூடிக்கொண்டு ஜிக்சா பெட்டியைத் திறந்தேன். அவன் துண்டுகளை எடுத்து, படம் மேலே தெரியும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். நானும் திருப்பி வைத்தேன். பத்து நாள் இப்படியே போனது. ஒருநாள் நான் ஒரு நீலத் துண்டைக் கடலில் பொருத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "அது வானம்" என்றான். அன்றைய ஹேண்டோவரில், அடுத்த ஷிஃப்ட்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது அறையில் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

இப்படி உட்கார்ந்திருப்பது உடம்பைவிட மனதைத்தான் களைக்க வைக்கும். தொடர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் ஒரே ஊழியரை இந்த அளவு கவனிக்க விடக் கூடாது என்று, சிகிச்சை முறைகளுக்கு நெறி வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது. மாற்றிவிட ஆள் வராவிட்டால் கேள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அங்கே இருப்பவர்களில் பலர் 1983ஆம் வருட மனநலச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டவர்கள். செக்‌ஷன் 2 என்றால் 28 நாள் வரை, செக்‌ஷன் 3 என்றால் முதலில் 6 மாதம் வரை. கதவருகில் நின்று ஒரே கேள்வியை ஒரு நாளில் இருபது தடவை கேட்பார்கள்: "நான் எப்போ வீட்டுக்குப் போகலாம்?" "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னால் கேட்டுவிட்டுத் திரும்பிப் போ. பதில் 'தெரியாது' என்பதாக இருந்தாலும் போய்ச் சொல். சாவி உன் இடுப்பில் தொங்குகிறது, அதை அவர்கள் ஒரு நிமிடம்கூட மறப்பதில்லை.

நீ ஆறடி உயரம். எங்கே அலாரம் அடித்தாலும் உன்னைத்தான் முதலில் தேடுவார்கள். எனக்குப் பயம் அங்கேதான். நீ அடிபடுவாய் என்ற பயம் பாதி, உன் கையால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பாதி. ஒலசெனி லூயிஸ் என்ற பெயரைத் தெரிந்துவைத்துக்கொள். 23 வயதுப் பிள்ளை. 2010இல் லண்டனில் தானாகவே மனநல மருத்துவமனையில் சேர்ந்தவன். போலீஸார் 11 பேர் அவனை அழுத்திப் பிடித்ததில் நினைவிழந்து, சில நாளில் இறந்துபோனான். அவனைப் பெற்றவர்கள் விடாமல் போராடினார்கள். மனநலப் பிரிவுகளில் பலத்தைப் பயன்படுத்துவது பற்றி 2018இல் வந்த சட்டத்தை அவன் பெயரால் 'செனியின் சட்டம்' என்கிறார்கள். பயிற்சியில் பிடிகளைச் சொல்லித் தருவார்கள். பிடிக்காமலே முடிக்கப் பார். பிடித்தே ஆகவேண்டும் என்றால் ஒருவர் கண் முகத்திலும் மூச்சிலுமே இருக்க வேண்டும். "மூச்சு விட முடியல" என்று அவர் சொன்னால் நடிப்பு என்று நினைக்காதே. அமைதிப்படுத்த ஊசி போட்ட பிறகு கூட்டம் கலைந்துவிடும். நீ கலையாதே. மணிக்கு ஒரு முறையாவது நாடி, ரத்த அழுத்தம், மூச்சு பார்க்க வேண்டும், தண்ணீர் குடித்தாரா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. குளோசபின் என்ற மனநோய் மருந்து சாப்பிடுகிறவரிடம் "வெளிக்குப் போனீங்களா?" என்று தினமும் கேள். அந்த மருந்தில் மலச்சிக்கல் உயிரையே எடுக்கலாம். டாக்டர் வார்டு ரவுண்டில் பார்ப்பது சில நிமிடம், நீ 12 மணி நேரம் கூடவே இருப்பாய். உனக்குத் தெரிந்ததை ஹேண்டோவரில் வாய்விட்டுச் சொல்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மாவுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் 'ஆஸ்பத்திரியில்' என்று மட்டும் சொல்லப் பழக்கியிருந்தேன். நம் ஆட்கள் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?' என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். அப்புறம் ஒருநாள் தமிழம்மா ஒருவர் வார்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்க இருக்கிறத ஊர்ல யாருக்கும் சொல்லிராதம்மா" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். அவர் கட்டிலருகில் தமிழில் பேசிக்கொண்டிருப்பேன், ஆனால் டாக்டர் பேசும்போது முறையான மொழிபெயர்ப்பாளரைத்தான் கூப்பிடச் சொன்னேன். அவர் பயந்ததும் நான் மறைத்ததும் ஒரே சொல்லுக்காகத்தான் என்று அன்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உறைத்தது. உன்னிடம் அப்படி மறைக்கச் சொன்னதற்காக இப்போது வருத்தப்படுகிறேன், தம்பி.

இந்தக் கடிதத்தோடு என் கடிகாரத்தை அனுப்புகிறேன், சட்டையில் மாட்டிக்கொள்கிற அந்தச் சின்னது. நொடி முள் இருக்கிறது. மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ணு, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே. பேட்டரி போன வாரம்தான் மாற்றினேன். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் எத்தனை மணியானாலும் கூப்பிடு. அங்கே யார் இருக்கிறார், என்ன நடந்தது என்று நீ சொல்லக் கூடாது, நானும் கேட்கமாட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா