மட்டாட்டுக் காசு கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

நைரோபியின் தொழிற்பேட்டையை ஒட்டிய முக்குரு குடிசைப் பகுதியில் நாங்கள் நடத்தும் சிறிய பயிற்சிக் கூடத்திலிருந்து எழுதுகிறேன். தையல், வெல்டிங் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் தேசியத் தொழிற்பயிற்சி ஆணையத்தின் மூன்றாம் நிலைத் தேர்வை முடித்துவிட்டார்கள். (இங்கே 'நிட்டா' என்றால்தான் யாருக்கும் புரியும்.) பணம் கொடுத்தவர்களுக்கு ரசீது அனுப்பியாயிற்று. ரசீது போட முடியாத உதவிகளுக்குத்தான் இந்த மடல்.

முதலில் மட்டாட்டுக் காசு. (மட்டாட்டு என்பது இங்கே ஓடும் தனியார் மினிபஸ்.) பயிற்சி இலவசம் என்றால் பிள்ளைகள் தானாக வந்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் அநேகம். வரமாட்டார்கள். கட்டட வேலையில் கல் சுமக்கும் பையனுக்குச் சாயந்திரம் கையில் கூலி விழும். எங்களிடம் வந்தால் அது போச்சு. அதற்கு மேல் காயோலேயிலிருந்து வர வண்டிச் செலவு வேறு. மழை பிடித்தால் மட்டாட்டுக்காரர்கள் கூசாமல் இரட்டிப்பாகக் கேட்பார்கள். வெஸ்ட்லாண்ட்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில மாதாமாதம் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையில் அனுப்பிய சிறு தொகைகள்தான் மழைக்காலத்திலும் வகுப்பை நிறைத்தன. மிஷின் வாங்கித் தர ஆள் கிடைத்துவிடும், அதில் பெயர் எழுதி வைக்கலாம். வண்டிக் காசில் எங்கே பெயர் எழுதுவது?

மிஷின் என்றதும் நினைவு வருகிறது. ஓரிடத்திலிருந்து வந்த பழைய தையல் மிஷின்களில் பாதிக்கு, அடிநூல் உருளையை மாட்டும் பாபின் கேஸே இல்லை. கொடுத்தவர்கள் போட்டோ மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். கிகொம்பா சந்தையில் மிஷின் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் தன் தகர டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பொருந்தியதை மாட்டிக் கொடுத்தார். சாமானுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். ஐயா, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கர்ப்பமானதால் பள்ளியை விட்ட பெண்கள் கைக்குழந்தையோடு வருவார்கள். குழந்தை அழுதால் கத்தரிக்கோல் கீழே போய்விடும். துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் பாயை விரித்து, "கொண்டா இங்கே" என்று அவர் வாங்கிக்கொண்டதிலிருந்து ஒரு பெண்கூடப் பாதியில் நிற்கவில்லை.

வெல்டிங் பிரிவில் ஆரம்பத்தில் பையன்கள் பிளாட்பாரத்தில் விற்கும் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டுதான் பற்றவைத்தார்கள். நைரோபியில் தெருவோரப் பட்டறைகள் பலவற்றில் அதுதான் வழக்கம். ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல எரியும், தூக்கம் வராது. கரியோபாங்கி பட்டறை முதலாளி ஒருவர் ஹெல்மெட்டுகள் தந்தார். அதோடு விட்டாரா? பையன்கள் செய்த முதல் ஜன்னல் கிரில்லைத் தரையில் படுக்க வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் டேப்பில் அளந்து, "அரை விரல் கோணல், பிரி" என்றார். பிரித்தார்கள், முகம் சுருங்கத்தான். நான்காவது கிரில்லை அவரே விலைக்கு எடுத்தார்.

பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை சீருடை ஆர்டர் தந்தார். முதல் கட்டுப் பாவாடைகள் திரும்பி வந்தன. மடிப்பு ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகவில்லை. எந்த மடிப்பு என்று சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பியிருந்தார். திருத்திக் கொடுத்ததும் சந்தை விலையை எண்ணி வைத்தார். பாவம் பார்த்து வாங்கியிருந்தால் பிள்ளைகள் இந்த அளவுக்குத் தேறியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம், நம் ஓய்வுபெற்ற மரவேலை ஆசிரியர். கென்யாவில் 1985-இல் வந்த எட்டு-நான்கு-நான்கு கல்வித் திட்டம் பள்ளியிலேயே கைத்தொழில் கற்றுக்கொடுக்க நினைத்தது. பட்டறையும் கருவியும் பல பள்ளிகளுக்கு வந்து சேரவேயில்லை. அந்த ஆதங்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. எங்களிடம் அவர் எடுத்ததோ வாழ்க்கைத் திறன் வகுப்பு. கடைக் காசுக்கு ஒரு நோட்டு, வீட்டுக் காசுக்கு ஒரு நோட்டு. வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்பது எப்படி, கடனுக்குத் தைக்கச் சொல்லும் சித்தி மகனிடம் முகம் கோணாமல் முடியாது என்பது எப்படி என்று நடிக்க வைத்தே பழக்கினார். சித்தி மகனாக அவர் நடித்தால் வகுப்பே சிரித்து உருளும்.

2024 ஏப்ரல் வெள்ளத்தில் மிஷின் தலைகளைக் கழற்றித் தோளில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோன அக்கம்பக்கத்து இளைஞர்களே, உங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துகொண்டிருந்த நேரம் அது. நாங்கள் மறக்கவில்லை.

அடுத்த அணி ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு முன், டிசம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் எல்லோரும் கூடத்துக்கு வாருங்கள். சமையல் பிள்ளைகளுடையது. வழக்கமான மக்காச்சோளம் பீன்ஸ் கிதேரி அன்றைக்குக் கிடையாது. சப்பாத்தியும் ஆட்டிறைச்சிக் குழம்பும். சைவக்காரர்களுக்குப் பட்டாணிக் குழம்பு தனியாக உண்டு.

அன்புடன்,
பயிற்சிக் கூடத்தார், முக்குரு, நைரோபி