அன்று நீங்கள் போனில் பேசாமல் இருந்தீர்கள்

ஆட்டவா, கனடா
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லையா? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பேரனுக்கு இரண்டரை வயது தாண்டிவிட்டது. ஜன்னலில் ஏறி நின்றுகொண்டு தெருவில் போகிற பனி அள்ளும் வண்டிக்கெல்லாம் டாட்டா காட்டுகிறான். இந்த வருஷம் பனியும் குறைவு, குளிரும் குறைவு.

போன வாரம் போனில் கேட்டீர்களே, "உங்க ஊர் எமர்ஜென்சி தப்புன்னு கோர்ட்டு சொல்லிடுச்சாமே, பேப்பர்ல பார்த்தேன்" என்று. போனில் சொன்னால் பாதி உங்கள் காதில் விழாது, விழாததற்கும் "சரிம்மா, சரிம்மா" என்பீர்கள். அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பிப்ரவரி மாதத்தில் நான் உங்களுக்குப் போன் செய்து, "நல்ல வேளை அப்பா, எமர்ஜென்சி போட்டுட்டாங்க, இனிமே நிம்மதி" என்று சொன்னேன். நீங்கள் ஒன்றுமே பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றேன். அப்புறம், "குழந்தை சாப்பிட்டானா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். நம் ஊர் எமர்ஜென்சியில் பிடித்துப் போன பெரியப்பாவை நினைத்திருப்பீர்கள் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அன்றிலிருந்து இது என் மனதில் கிடக்கிறது.

அப்போது நாங்கள் கென்ட் தெருவில் நாலாவது மாடியில் இருந்தோம். பார்லிமென்ட் அங்கிருந்து நடக்கிற தூரம். 2022 ஜனவரி 28, 29 தேதிகளில் லாரிகள் வந்து சேர்ந்தன. எல்லை தாண்டிப் போய்வரும் லாரி ஓட்டுநர்கள் கொரோனா தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்துத்தான் கிளம்பினார்கள். வந்து சேர்ந்தபோது கொரோனாக் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் எதிர்க்கிற கூட்டமாக ஆகியிருந்தது. ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் என்றார்கள். மூன்று வாரம் போகவில்லை.

அந்த ஹாரன் சத்தத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது? நம் ஊர் ரயில்வே கேட் பக்கத்தில் நின்றால் எஞ்சின் ஊதும்போது நெஞ்சு அதிரும் இல்லையா, அதை நாள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரி ஆரம்பித்தால் தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். குளிர் மைனஸ் இருபது, அதனால் எஞ்சினை அணைக்கவே மாட்டார்கள். டீசல் புகை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும். ஈரத் துண்டைச் சுருட்டி இடுக்கில் வைப்பேன், காலையில் அது கறுத்துப் போயிருக்கும். பேரனுக்கு அப்போது எட்டு மாதம். தூக்கத்தில் விலுக்விலுக்கென்று தூக்கிப்போடும், கையைக் காலை விரித்துக்கொண்டு அலறுவான். நான் அவனைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் தூங்க வைத்தேன். பத்து நாள் அப்படி.

போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. எங்களுக்குக் கோபம் வந்ததே அதில்தான். பக்கத்திலிருந்த பெரிய ரீடோ சென்டர் கடைத்தொகுதியை மூடிவிட்டார்கள், அங்கே வேலை செய்தவர்களெல்லாம் வீட்டில் உட்கார்ந்தார்கள். கடைசியில் அரசாங்க வேலையில் இருந்த 21 வயதுப் பெண் ஒருத்தி கோர்ட்டுக்குப் போய் ஹாரனுக்குத் தடை வாங்கினாள். பிப்ரவரி 7. அன்று ராத்திரிதான் பேரன் தொட்டிலில் தூங்கினான். 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களே ரிவர்சைடு சாலையில் இறங்கி, ஊருக்குள் வந்துகொண்டிருந்த வண்டிகளை மறித்து மணிக்கணக்காக நின்றார்கள். உங்கள் மாப்பிள்ளையும் போய் நின்றார். கொடியை அவிழ்த்துக் கொடுத்து, டீசல் கேனை இறக்கிவைத்த பிறகுதான் ஒவ்வொரு வண்டியாகத் திரும்பிப் போகவிட்டார்களாம். வீட்டுக்கு வந்தபோது அவருக்குக் கால்விரல் மரத்துப் போயிருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

மறுநாள், பிப்ரவரி 14, பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அவசரநிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நான் உங்களுக்குப் போன் செய்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சட்டம் 1988இல் வந்தது, 2022 வரை ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. அதற்கு முன்னால் இருந்தது 1914ஆம் வருஷத்துப் போர் நடவடிக்கைச் சட்டம். இரண்டாம் உலகப் போரில் அதை வைத்துத்தான் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை, 20,000 பேருக்கு மேல், மேற்குக் கரையிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தார்கள், அவர்களுடைய வீட்டையும் மீன்பிடிப் படகையும் விற்றார்கள். பாதிப் பேருக்கு மேல் இங்கேயே பிறந்தவர்கள். 1970இல் கியூபெக்கில் ஒரு பிரிட்டிஷ் தூதரக அதிகாரியையும் ஒரு மாகாண அமைச்சரையும் கடத்தினார்கள், அமைச்சர் கொல்லப்பட்டார். கடத்தல் நடந்ததும் அதே சட்டத்தைக் கையில் எடுத்தவர் பியர் ட்ரூடோ, இந்த ட்ரூடோவின் அப்பா. கிட்டத்தட்ட 500 பேரை வாரண்ட் இல்லாமல் பிடித்தார்கள். பாடகி போலின் ஜூலியன், கவிஞர் ஜெரால்ட் கோதேன் எல்லாம் அதில் அடக்கம். பெரும்பாலோர் மேல் வழக்கே போடவில்லை. அந்தக் கோதேன் 1976 தேர்தலில் மாகாண முதல்வர் பூராசாவையே அவருடைய சொந்தத் தொகுதியில் தோற்கடித்தார். இந்திரா காந்தி தோற்ற நம் 1977 ரேபரேலி உங்களுக்கு ஞாபகம் வரும்.

இதையெல்லாம் பார்த்துத்தான் 1988இல் பழைய சட்டத்தைத் தூக்கிவிட்டுப் புதுசாக எழுதினார்கள். நாட்டின் எந்தச் சட்டத்தாலும் சமாளிக்க முடியாத நெருக்கடியாக இருக்க வேண்டும். பார்லிமென்ட் ஓட்டுப் போட வேண்டும். உரிமைச் சாசனம் அப்படியே நிற்கும். எல்லாம் முடிந்ததும் 60 நாளுக்குள் விசாரணைக் கமிஷன் அமைத்தே ஆக வேண்டும். நாம் 1978இல் அரசியல் சட்டத்தில் 44ஆவது திருத்தம் கொண்டுவந்தோமே, எமர்ஜென்சி போடுவதற்கான காரணங்களில் 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று போட்டோமே, அந்த மாதிரி சூடு பட்டவர்கள் எழுதிய சட்டம் இது.

ஆனால் எனக்கு இதில் ஒரு வரியும் அன்றைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. குழந்தை தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 18இலிருந்து மூன்று நாளில் போலீஸ் தெருவைக் காலி செய்தது, ஏறக்குறைய 200 பேர் கைது. 21ஆம் தேதி பார்லிமென்டில் 185க்கு 151 என்று தீர்மானம் நிறைவேறியது. 23ஆம் தேதி சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். மொத்தம் ஒன்பது நாள். நம் 21 மாத எமர்ஜென்சியோடு சேர்த்துப் பேசுவதே தப்பு என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என்னை முதலில் உறுத்தியது பேங்க் விஷயம். அந்த ஒன்பது நாளில் போலீஸ் பெயர் கொடுத்தால் போதும், கோர்ட்டு உத்தரவு ஒன்றும் வேண்டாம், பேங்க் கணக்கை முடக்கலாம் என்று விதி போட்டிருந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கினார்கள். அதில் கூட்டுக் கணக்குகளும் உண்டு. போராட்டத்துக்குப் புருஷன் போயிருப்பான், முடங்குவது பெண்டாட்டியின் சம்பளமும் சேர்ந்து. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கணக்குதான் அப்பா. வாடகை, பால், டயப்பர் எல்லாம் அதிலிருந்துதான். அன்றைக்கு நாங்கள் வேலை பெர்மிட்டில் இருந்தவர்கள். இவரும் 13ஆம் தேதி தெருவை மறித்து நின்றவர்தானே? அது வேறு பக்கத்துத் தெரு, அவ்வளவுதான். நாளைக்கு ஆட்சிக்கு வருகிறவருக்குப் பிடிக்காத தெருவில் இவர் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு ராத்திரி யோசித்தேன், தூக்கம் வரவில்லை. இந்தத் தடவை ஹாரன் இல்லாமலே.

எங்கள் கட்டடத்தில் இதைப் பற்றிப் பேச்சு ஓயவே இல்லை. கீழ் வீட்டு அம்மாள், "மூணு வாரம் எங்களைப் பணயக் கைதியா வச்சிருந்தாங்களே, எங்க உரிமையைப் பத்தி யார் பேசினா?" என்பார். அந்தக் கேள்வி நியாயமானது, இன்றைக்கும் அதற்கு எனக்கு மறுவார்த்தை இல்லை. என்னோடு வேலை செய்யும் பழங்குடிப் பெண் வேறு மாதிரி சொன்னாள். 2020இல் அவளுடைய மக்கள் ரயில் பாதையை வாரக்கணக்கில் மறித்தார்கள். "இப்போ லாரிக்காரங்களுக்கு எடுத்த சாட்டையை உள்ளே வைக்கமாட்டாங்க. அடுத்த தடவை அது எங்க முதுகுக்குத்தான் வரும்." டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த நம் விவசாயிகளுக்காக இதே ட்ரூடோ குரல் கொடுத்தார் என்று நீங்களே அப்போது பேப்பர் படித்துச் சொன்னீர்களே, அதை அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

கமிஷன் விசாரணை 2022 அக்டோபரில் தொடங்கியது. எங்கள் தெருப்பக்கமே, தேசிய நூலகக் கட்டடத்தில். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்றார்கள். நான் நம்பவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பையைச் சோதித்தார்கள், உள்ளே விட்டார்கள், நீ எந்த நாடு, என்ன விசா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீதிபதி பால் ரூலோ நடுவில். அரசாங்கத்து வக்கீல், போராட்டக்காரர்களின் வக்கீல், எங்களைப் போன்ற குடியிருப்பவர்களுக்கு ஒரு வக்கீல், குடிமக்களின் உரிமைக்காகப் பேசும் அமைப்புக்கு ஒரு வக்கீல், எல்லோரும் முறை வைத்துக் கேள்வி கேட்டார்கள். அமைச்சர்கள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உளவுத்துறைத் தலைவர் வந்தார். சாட்சி விசாரணையின் கடைசி நாளான நவம்பர் 25 அன்று பிரதமரே வந்து உட்கார்ந்து நாள் முழுக்கப் பதில் சொன்னார், அதை வீட்டில் டிவியில் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ட்ரூடோ மேல் பரிதாபப்பட்டு அல்ல. பெரியப்பாவை ஏன் பிடித்தார்கள் என்று கேட்க உங்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கவில்லையே என்றுதான்.

ஆனாலும் ஒரு கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. சட்டப்படி இது செல்லும் என்று எந்தச் சட்ட ஆலோசனையை வைத்து முடிவெடுத்தீர்கள், அதைக் காட்டுங்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையில் உள்ள ரகசியம் என்று அரசாங்கம் மறுத்துவிட்டது. அது சரியில்லை. நாட்டையே பூட்டுகிற சாவியை எந்தக் கடையில் செய்தாய் என்று கேட்டால் சொல்ல வேண்டும்.

2023 பிப்ரவரியில் ரூலோ அறிக்கை கொடுத்தார். போலீஸ் தன் வேலையைச் செய்யாததுதான் முதல் கோளாறு, ஆனாலும் சட்டம் கேட்கிற அளவுக்கு நெருக்கடி இருந்தது, இந்த முடிவுக்குத் தயக்கத்தோடுதான் வருகிறேன், விஷயம் தெரிந்த வேறொருவர் வேறு முடிவுக்கும் வரலாம் என்று எழுதினார்.

அந்த வேறு முடிவுதான் போன மாதம் 23ஆம் தேதி வந்தது. குடிமக்களின் உரிமைக்காகப் பேசும் அமைப்புகள் போட்ட வழக்கில் ஃபெடரல் கோர்ட்டு நீதிபதி ரிச்சர்ட் மோஸ்லி, தேசிய நெருக்கடி என்று சொல்ல ஆதாரம் இல்லை, சட்டத்தைப் பயன்படுத்தியது நியாயமில்லை என்று சொல்லிவிட்டார். வின்ட்சரில் அமெரிக்காவுக்குப் போகிற பாலத்தை மறித்தார்களே, அதை இருக்கிற சட்டத்தை வைத்தே 13ஆம் தேதி, அதாவது அவசரநிலைக்கு முந்தின நாளே, போலீஸ் காலி செய்துவிட்டது. வாரண்ட் இல்லாமல் கணக்கு விவரங்களை எடுத்தது சாசனத்துக்கு விரோதம். சும்மா ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றவரையும் குற்றவாளி ஆக்கியது பேச்சுரிமைக்கு விரோதம்.

தீர்ப்பில் இன்னொன்று எழுதியிருக்கிறார், அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். வழக்கை எடுத்தபோது அரசாங்கம் செய்தது நியாயம் என்றுதான் தனக்குத் தோன்றியதாம். அன்று அந்த மேஜையில் தானும் இருந்திருந்தால் சரி என்று சொல்லியிருக்கக்கூடும் என்கிறார். இரண்டு பக்க வாதத்தையும் கேட்டு, ஆதாரங்களைப் படித்த பிறகு மாறினாராம். குளியலறையில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நானும் அங்கேதான் ஆரம்பித்தேன் அப்பா. இன்று நான் மோஸ்லி பக்கம்தான் நிற்கிறேன். கீழ் வீட்டு அம்மாளிடமும் சொல்லிவிட்டேன், கொஞ்சம் வருத்தம் அவருக்கு. அரசாங்கம் அப்பீல் போகிறதாம். போகட்டும்.

நம் சுப்ரீம் கோர்ட்டில் 1976 ஏப்ரலில் ஐந்து பேரில் ஒருவர், நீதிபதி எச்.ஆர்.கன்னா மட்டும்தான், விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கிற மிசா சட்டத்தில் அடைபட்டவன் கோர்ட்டுக் கதவைத் தட்டலாம் என்று சொன்னார். அதற்காகத் தலைமை நீதிபதிப் பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது. சின்ன வயதில் நீங்கள் சொன்னபோது இது எனக்குப் பரீட்சைக்குப் படிக்கிற பாடம் மாதிரி இருந்தது. பெரியப்பா எந்த வீட்டில் தங்கினாலும் அறைக் கதவைச் சாத்தித் தூங்கமாட்டாரே, மார்கழிக் குளிரிலும் திண்ணைப் பக்கம் கதவு திறந்தே கிடக்குமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கலைஞர் ஆட்சியைக் கலைக்கிற வரைக்கும் எமர்ஜென்சி என்பது நம் பக்கம் பேப்பரில் படிக்கிற சமாச்சாரம்தான், அடுத்த சில நாளில் அது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

பெரியப்பாவைப் பிடித்துப் போனபோது கொடுத்த காகிதம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா? தாத்தா பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தது என்பீர்களே, அது. காரணம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தது என்றும் சொன்ன ஞாபகம். இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துக் கொடுப்பான். மடிப்பில் ஏற்கெனவே நைந்திருக்கும், பார்த்துப் பிரியுங்கள். அப்புறம் அதைப் பெட்டியில் போடாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். ஜூலையில் வரும்போது நான் நேரில் பார்க்க வேண்டும்.

உங்கள்
பாப்பா